சாராயம் சாராயந்தானா?

தியாகதுருகத்திலிருந்து ஒரு நேயர் கேட்கிறார்: "ஸ்காட்லாந்தில் எப்போதோ மூடிவிட்ட ஆலையின் விஸ்கி யானை விலை விற்கிறதாமே! எதுவானாலும் சாராயம் சாராயந்தானே, ஸார்?"

கேள்வியின் பின்பாதி மனத்தை உறுத்துகிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஆலையின் பெயர் கேம்பஸ். அங்கே வடித்தது 'சிங்கிள் கிரெயின்' விஸ்கி. ஒரே தானியம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே ஆலையில் வடித்தது என்றுதான் பொருள். சோளமோ கோதுமையோ, கொஞ்சம் முளைகட்டிய பார்லியுடன் சேர்த்து, உயரமான தூண் போன்ற கருவியில் இடைவிடாமல் காய்ச்சுவார்கள். அந்தக் கருவிக்கு 1830-இல் உரிமை பெற்ற ஈனியாஸ் காஃபி, அதற்கு முன் கலால் அதிகாரியாக இருந்தவர். வேடிக்கைதான்!

ஓக் மரப் பீப்பாயில் 3 வருஷமாவது கிடந்தால்தான் அங்கே அதை விஸ்கி என்று விற்கலாம். வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போய்விடும். 'தேவதைகளின் பங்கு' என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள்! 1993-இல் ஆலை மூடியது. பீப்பாய்கள் மட்டும் கிடங்கில் உறங்கின. 1975-இல் வடித்த சரக்கு 2016-இல் 40 வயது விஸ்கியாக வெளிவந்தது. ஏறக்குறைய 1,800 பாட்டில்கள்தாம். இனி வடிக்க ஆலை இல்லை. அதனால்தான் அந்த விலை. ஆலை இருந்த இடத்தில் இப்போது பீப்பாய் செய்கிறார்கள். (விலை அதிகமென்பதால் ஈரலுக்கு நல்லது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

இனிப் பின்பாதி. நேயரின் ஊருக்கு அடுத்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், 2024 ஜூனில் நடந்ததை அவரே அறிவார். விஷச் சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலி. அதில் இருந்தது மெத்தனால். குடிக்கிற சாராயத்தில் இருப்பது எத்தனால். இரண்டும் தண்ணீர் போல் தெளிந்தவை. நாக்கையும் மூக்கையும் நம்பிப் பிரித்தறிய முடியாது. ஆனால் மெத்தனாலை ஈரல் பார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அது கண் நரம்பைத் தாக்கும். பிறகு உயிரையே வாங்கும். குடித்துப் பல மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமலிருப்பதுதான் கொடுமை.

மாற்று மருந்து என்ன தெரியுமா? ஃபோமெபிசோல், அது கிடைக்காவிட்டால், அதே எத்தனால்! ஈரல் முதலில் அதைக் கவனிக்கப் போகும். அந்த அவகாசத்தில் மெத்தனாலை வெளியேற்றுகிறார்கள். ரத்தத்தைச் சுத்தி செய்யவும் நேரலாம். இது வீட்டில் செய்து பார்க்கிற வைத்தியமல்ல. வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்றால், போலீஸுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் பயந்து பொழுதைக் கழிக்காமல், பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிச் செல்லுங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.