குறி தப்பினால் முதலில் எதைப் பார்ப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. எயார் ரைபிள் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். இல்லாதவர்கள், வைத்திருக்கிற பக்கத்து வளவுக்காரருக்கு அனுப்பி வையுங்கள்.

2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, தோட்டம் அழிக்கிற குரங்கு, மயில், மர அணில் எல்லாவற்றையும் நாடு முழுக்க எண்ணினார்கள். சிரித்தவர்களும் உண்டு. ஆனால் பயிர்ச்சேதம் சிரிக்கிற விஷயம் இல்லை என்று தோட்டக்காரருக்குத் தெரியும். எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்பதை வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பதிவு அதைப் பற்றியது அல்ல. துவக்கைக் கையில் எடுக்கிறவர் அதன் குறியைச் சரி பார்த்திருக்கிறாரா என்பதுதான் எங்கள் கேள்வி.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காகிதத்தில் குறி பார்க்காத துவக்கை எந்த உயிரை நோக்கியும் நீட்டக்கூடாது.

வெடி தவறினால் எல்லாரும் சொல்கிறது ஒன்றுதான்: "ஸ்கோப் பிழை." உடனே ஸ்கோப்பின் திருகை இரண்டு தரம் இந்தப் பக்கம், இரண்டு தரம் அந்தப் பக்கம் திருப்புவது. பிறகு "சீன சாமான், இப்படித்தான்" என்று சலிப்பது. ஸ்கோப் உண்மையிலேயே பழுதாகிறதும் உண்டு. ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது.

எங்கள் பிள்ளைகளுக்கு வேணியர் இடுக்கிமானி படிப்பிக்கும்போது முதலில் சொல்வது பூச்சிய வழுவைப் பாருங்கள் என்றுதான். துவக்குக்கும் அதே பாடம். 20 மீற்றரில் ஒரு வெள்ளைக் காகிதத்தில் புள்ளி போடுங்கள். பின்னால் மண் மூட்டை அடுக்குங்கள். துவக்கை மெத்தென்ற ஒன்றின் மேல் வைத்து, ஒரே புள்ளியைப் பார்த்து 5 வெடி வையுங்கள். ஐந்தும் ஒரே இடத்தில் கூடி, ஆனால் புள்ளிக்கு விலகி விழுந்தால் அது குறியின் வழு. திருத்தலாம். ஐந்தும் ஐந்து திசையில் சிதறினால் திருகைத் தொடாதீர்கள். எவ்வளவு திருப்பினாலும் சிதறல் சிதறலாகவே இருக்கும். காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

எங்கே? துவக்கில் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் ஆணிகளையும், மரப்பிடியின் ஆணிகளையும் பாருங்கள். ஸ்பிரிங் துவக்கு ஒரு வெடிக்கு இரண்டு தரம் உதைக்கும். பிஸ்ரன் முன்னே பாயும்போது துவக்கு பின்னே போகும். பிஸ்ரன் போய் முட்டி நிற்கும்போது முன்னே இழுக்கும். இதனால் ஆணிகள் தளரும், ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே வழுக்கும். பெரிய துவக்குக்குச் செய்த நல்ல ஸ்கோப்பும் இந்த இரட்டை உதைப்பில் உள்ளே உடையலாம். வாங்கும்போதே ஸ்பிரிங் எயார் ரைபிளுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது குண்டு. பாவாடை நசிந்த ஈயக்குண்டு நேராகப் போகாது. ஒரு நாள் ஒரு வகை, மறுநாள் இன்னொரு வகை என்று போட்டால் குறியும் மாறும். அடுத்தது பிடி. ஸ்பிரிங் துவக்கை இறுக்கிப் பிடித்தால் அல்லது மதிலில் வைத்துச் சுட்டால் குண்டு வேறு இடத்துக்குப் போகும். இலேசாக, எப்போதும் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும்.

பிறகு கண். பல ஸ்கோப்புகள் 100 யார் தூரத்துக்குச் சரி செய்யப்பட்டு வருகின்றன. நாங்கள் பார்ப்பதோ 15, 20 மீற்றர். துவக்கை அசைக்காமல் கண்ணை மட்டும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகர்ந்தால் அது உயர்தரப் பிள்ளைகள் படிக்கிற இடமாறு தோற்ற வழு. தூரம் சரி செய்யும் வளையம் இருந்தால் அதைத் திருப்புங்கள். இல்லையென்றால் கன்னத்தை ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் வையுங்கள்.

இவ்வளவும் சரி, 5 வெடியும் கூடி விழுகிறது என்றால் இப்போது திருகைத் தொடலாம். கணக்கோடு தொடுங்கள். வழமையான கால் நிமிட ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீற்றரில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர். 20 மீற்றரில் 1.5 மில்லிமீற்றர்கூட வராது. 3 சென்ரிமீற்றர் நகர்த்த ஏறக்குறைய 20 கிளிக் வேண்டும். இரண்டு கிளிக் திருப்பிவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஸ்கோப் இல்லாத துவக்கென்றால், குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் குறியை நகர்த்துங்கள்.

இது சின்ன ஆட்களின் பிரச்சினை மட்டும் இல்லை. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்திரா 10 மீற்றர் எயார் ரைபிள் இறுதிப் போட்டிக்கு வந்தபோது, அவருடைய சோதனை வெடி இலக்கை விட்டு வெகுவாக விலகியது. தன் துவக்கின் குறி மாறியிருந்ததாகப் பின்னர் தன் சுயசரிதையில் எழுதினார். அந்த இடத்தில் அவர் சண்டை பிடிக்கவில்லை. சோதனை வெடிக்குக் கொடுத்த நேரத்திலேயே குறியைத் திருத்தினார். மொத்தம் 700.5 புள்ளி, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். அந்தச் சோதனை வெடி இல்லாமல் நேரே போட்டிக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்?

அவர் தவறவிட்டிருந்தால் போயிருப்பது ஒரு பதக்கம். நாங்கள் தவறவிட்டால் வயிற்றில் குண்டோடு ஒரு மந்தி மூன்று நாள் மரத்தில் கிடந்து சாகும். உயிருள்ளதை எய்து பழகும் இலக்காக வைப்பதை நபிகளார் (ஸல்) தடுத்தார்கள். எந்தச் சமயத்தவருக்கும் இது விளங்காத விஷயம் இல்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். எங்கள் ஊரில் வளவுக்கு வளவு வேலிதான் எல்லை. பனையோலை வேலி குண்டை மறிக்காது. தகரத்தில் பட்டால் எங்கே தெறிக்கும் என்று சொல்லவே முடியாது. வேலிக்கு அங்கால் பிள்ளைகள் விளையாடுகின்றன. ஒரு கண்ணுக்கு ஒரு குண்டு போதும்.

அதனால் எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, கமக்கார அமைப்புகள் போகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி, பாதுகாப்பான வெளியில், தெரிந்தவர் ஒருவரின் மேற்பார்வையில், எல்லாத் துவக்குகளையும் காகிதத்தில் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். செலவு ஒரு கட்டுக் காகிதமும் நாலு மண் மூட்டையும்தான். இரண்டு, துவக்கு வீட்டில் பூட்டுக்குள் இருக்க வேண்டும், பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது.

துவக்குச் சத்தத்தோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். இந்தச் சின்னத் துவக்கையும் இலேசாக எடுக்காதீர்கள். வைத்திருக்கிறவர்கள் இந்த வாரமே 5 வெடி வைத்துப் பார்த்து, காகிதத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். கூடியதா சிதறியதா என்று சேர்ந்து பார்ப்போம்.