மூணு கார்புரேட்டர் மோகம்

மூணு கார்புரேட்டர் வரிசையாக உட்கார்ந்திருக்கும் எஞ்சினைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழகுக்காக ஒருவன் நல்ல எஞ்சினைக் கெடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக்கில் என்னிடம் ஆட்டோமொபைல் படித்த பையன் இப்போது அமெரிக்காவில், ஒஹையோவில் இருக்கிறான். 1951 ஃபோர்டு கார் ஒன்றை ஆசையாக வாங்கியிருக்கிறான். உள்ளே இருப்பது ஃபிளாட்ஹெட் வி8. நாம் பாடத்தில் 'சைடு வால்வ்' என்று படித்தோமே, அதே ஜாதி. வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும், ஹெட் வெறும் மூடி மாதிரி தட்டையாக இருக்கும். 1932-ல் ஃபோர்டு இதை சாதாரண விலைக் காருக்குக் கொண்டுவந்தது; அங்கே கார்களில் 1953 வரை ஓடியது.

பையன் பழைய சாமான் சந்தையில் மூணு கார்புரேட்டர் வைக்கும் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்ட் ஒன்றைப் பிடித்து, மூணு ஸ்ட்ராம்பெர்க் 97 வைத்துப் பூட்டிவிட்டான். "சார், வண்டி முன்னைவிட மந்தமா இருக்கு. ஆயில்ல பெட்ரோல் வாசனை வருது" என்று வாட்ஸப்பில் எழுதினான்.

வராமல் என்ன செய்யும்? கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த எஞ்சின் 239 கன அங்குலம், அதாவது 3.9 லிட்டர். 4000 ஆர்பிஎம்மில் நிமிஷத்துக்கு 2000 தடவை நிரம்பும். முழுசாக நிரம்பினால் 7,800 லிட்டர் காற்று. ஃபிளாட்ஹெட் ஒருநாளும் முழுசாக நிரம்பாது. முக்கால் பங்கு என்று வைத்தால் 5,800 லிட்டர் சொச்சம். ஒரு ஸ்ட்ராம்பெர்க் 97 நிமிஷத்துக்கு 4,200 லிட்டர் அளவில் விடும். ஒன்று உச்சத்தில் போதாது, இரண்டு தாராளம், மூணாவது எதற்கு? ஊருக்குள் 2000 ஆர்பிஎம்மில் போகும்போது ஒன்றே மிச்சம். அந்தக் கொஞ்சக் காற்றை மூணாகப் பங்கு போட்டால் வெஞ்சுரியில் வேகம் இருக்காது. பெட்ரோல் தூளாகாமல் சொட்டாக இறங்கும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே போகும். அப்புறம் பேரிங் கதி என்ன?

இந்த வெளி மார்க்கெட் மேனிஃபோல்டுகள் எங்கே பிறந்தன என்பதையும் யோசிக்க வேண்டும். 1930-களின் கடைசியில் விக் எடல்பிராக் தன் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டருக்காக 'ஸ்லிங்ஷாட்' என்று இரண்டு கார்புரேட்டர் மேனிஃபோல்ட் ஒன்றைச் செய்தார். அவர்கள் ஓட்டிய இடம் கலிஃபோர்னியாவில் முராக் மாதிரி வறண்ட ஏரிப்படுகை. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து நேராக ஒரே ஓட்டம். சிக்னல் இல்லை, பனி இல்லை. ஒஹையோவில் ஜனவரி மாதக் காலையில் கடைக்குப் போகிறவனுக்கு அந்தத் தேவை கிடையாது. கம்பெனி மேனிஃபோல்டில் எக்ஸாஸ்ட் சூடு கார்புரேட்டருக்கு அடியில் போய்வர ஒரு வழி வைத்திருந்தார்கள். ரேஸ் மேனிஃபோல்ட் பலவற்றில் அது கிடையாது. குளிர்நாட்டில் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. யாரும் கேட்பதில்லை, பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. 1949-க்குப் பிறகு வந்த ஃபோர்டு ஃபிளாட்ஹெட்டில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைக்கட்டிகள் கிடையாது. டைமிங் முன்னே போவது முழுக்க கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்குவத்தை நம்பித்தான். அந்தக் குழாய்க்கான துளை அதன் சொந்த ஹோலி கார்புரேட்டரில் உண்டு. ஸ்ட்ராம்பெர்க் 97-ல் இல்லை. பையன் குழாயைக் கழற்றி அடைத்து வைத்துவிட்டான்! டைமிங் நகரவே இல்லை. மேட்டில் இழுக்கவில்லை என்றால் எப்படி இழுக்கும்? எடைக்கட்டி உள்ள வேறு டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றாமல் 97 மாட்டவே கூடாது. மேனிஃபோல்ட் விற்றவர் இதைச் சொல்லவில்லையாம்.

"அப்ப நான் எதுதான் சார் வாங்கறது?" என்றான். என் அபிப்பிராயம் இதுதான். மேனிஃபோல்ட் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். இந்த எஞ்சினின் நெருக்கடி எக்ஸாஸ்டில் இருக்கிறது. ஒரு பக்கம் நாலு சிலிண்டர், வெளியே போக மூணு வாசல். நடுவில் இருக்கிற இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். அந்தப் புகையும் தண்ணீர் அறை நடுவே பிளாக்குக்குள் சுற்றிப் போகிறது, அதனால்தான் இவ்வளவு சூடு. எக்ஸாஸ்ட், கம்ப்ரெஷன், கேம் எல்லாம் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் இரண்டு கார்புரேட்டர் மேனிஃபோல்ட், சூட்டு வழியோடு. எடல்பிராக், ஆஃபன்ஹவுசர் பெயர்களில் புதிதாகவே கிடைக்கிறது. பழையது என்றால் நேர்ச்சட்டம் வைத்து, ஃபீலர் கேஜ் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. எந்த வருஷ எஞ்சினுக்கு என்பதும் முக்கியம். 1948 வரை டைனமோ மேனிஃபோல்டின் முன்பக்கம் உட்கார்ந்திருக்கும், 1949 முதல் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. தெரியாமல் வாங்கினால் எண்ணெய் ஊற்றும் குழாய்க்கும் டைனமோவுக்கும் இடம் தேடி அலைய வேண்டும்.

கண்காட்சிக்கு நிறுத்தும் வண்டி என்றால் மூணு என்ன, நாலு வைக்கட்டும். என் கவலை ஓட்டுகிற வண்டியைப் பற்றி மட்டும்தான். கடந்த வாரம் ஒரு நண்பர் "சார், ரசனை இல்லாதவர் நீங்க" என்று கிண்டல் செய்தார். இருக்கட்டும்.

பையனிடம் முதலில் ஆயிலை மாற்றச் சொன்னேன். கம்பெனி மேனிஃபோல்ட் இருக்கிறதா என்று கேட்டேன். கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில், ஹோலியும் கூடவே கிடக்கிறதாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்து, வேக்குவம் குழாயோடு திரும்பப் பூட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். மேட்டில் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவான்.