பொம்பரிப்புத் தாழிகள்

மெக்சிக்கோ நாட்டினர் ஆண்டுதோறும் நவம்பர் 1, 2 ஆம் நாள்களில் இறந்தோரை விருந்தினராக எதிர்கொள்கின்றனர். கல்லறைகளை மலராலும் விளக்காலும் அணிசெய்து, மாண்டவர் விரும்பியுண்ட உணவைப் படைக்கின்றனர். நம் புத்தளத்துக்கு வடக்கே, பொம்பரிப்பிலும் பழையதோர் ஈமக்காடு உண்டு. அங்கு 1956இலும் 1970இலும் அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகளும் கறுப்புச் சிவப்பு மட்கலங்களும் வெளிப்பட்டன. சில தாழிகளுள் ஒருவர்க்கு மேற்பட்டோரின் எலும்புகள் இருந்தன. கடலுக்கு அப்பால் ஆதிச்சநல்லூரிலும் இத்தகைய தாழிகளைக் காணலாம்.

புறநானூற்று 256ஆம் பாட்டில், தலைவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவனை இரக்கின்றாள். அப்பாட்டுக்குப் பதவுரை உரைக்கும் நாம், அத்தகைய தாழி நம் மாவட்டத்து மண்ணிலேயே புதைந்திருந்ததை மாணவர்க்கு உரைக்கின்றோமா? பொம்பரிப்பைப் பற்றிப் பேச்செழுந்தால், புதைந்தோர் எம்மவரா, பிறரா என்னும் வழக்கே முந்துகின்றது. தாழி காணி உறுதியன்று. இறந்தாரின் எலும்பைத் திரட்டிப் பேணி அடக்கிய கைகளின் பரிவே அதில் முதற்கண் புலப்படுவது. தமிழாசிரியன் என்ற முறையில் யான் வேண்டுவது ஒன்றே: புறப்பாட்டைக் கற்பிக்கும் வகுப்பில் பொம்பரிப்பின் பெயரும் ஒலித்தல் வேண்டும். முதலில் அம்முதியோரை நினைவோம். வழக்குப் பின்னர் ஆகட்டும்.