சைக்கிளுக்கு எந்தக் காலணி?

சைக்கிள் மிதிக்கும்போது ரப்பர் செருப்பு பெடலின் மேல் வளைவதைக் கவனித்திருக்கிறீர்களா? அதை வளைக்கச் செலவாகும் ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சேர்வதில்லை. எனவேதான் பந்தயக் காலணிகளின் அடிப்பாகம் விறைப்பாக இருக்கிறது.

சாலைப் பந்தயக் காலணி பாதத்தை நெடுநேரம் இறுகப் பிடிக்கும். ஒலிம்பிக் டிரையத்லானில் 1.5 கி.மீ. நீந்தி, ஈரக்காலுடன் 40 கி.மீ. சைக்கிள் ஓட்டி, பின் 10 கி.மீ. ஓடவேண்டும். ஆகவே அதற்கான காலணி நொடியில் மாட்டிக் கழற்றத்தக்கது.

நமக்கு எது? இரண்டும் வேண்டாம் என்பேன். இவை பெடலில் பூட்டிக்கொள்பவை. குதிகாலைத் திருப்பினால்தான் விடுபடும். புதுச்சேரி நேரு வீதியில் அடிக்கடி காலூன்றும் நமக்கு அது ஆபத்து. எளிதில் வளையாத அடிப்பாகமும் குதிகால் பிடிப்பும் கொண்ட சாதாரணக் காலணியே போதும். பெற்றோர் பணமும் மிச்சம். விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், தேவையைப் பாருங்கள்.