திருநாராயணபுரத்தில் நாம் பார்க்காதவை

திருநாராயணபுரம் என்கிற மேல்கோட்டை என்றால் நமக்கு ராமானுஜர், உற்சவர் செல்வப்பிள்ளை, பங்குனி வைரமுடி சேவை. புளியோதரையையும் சேர்த்துக்கொள்ளலாம். மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு, சேவித்துவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பிவிடுகிறோம். தலைமுறை தலைமுறையாக இப்படியே போய்வந்திருக்கிறோம். கோயில் மலையைச் சுற்றிக் கிடக்கும் புதர்க்காடு ஒரு சரணாலயம், 1974இல் ஓநாய்களைக் காப்பதற்காக அறிவிக்கப்பட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கருட சேவைக்கு முண்டியடித்த நாம், கருடன் என்று வணங்கும் செம்பருந்து தலைக்கு மேல் வட்டமிடுவதை நிமிர்ந்து பார்க்கவில்லை. யோக நரசிம்மர் படிகளில் குரங்குக்குப் பழம் கொடுத்ததைப் புண்ணியம் என்று நம்பினோம். கைப்பையைப் பறிக்க அவற்றைப் பழக்கியவர்கள் நாம்தான்.

சொல்லித்தர ஆளில்லை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் இருந்தார். தமிழின் முதல் நாவலாசிரியர்களில் ஒருவரான அ. மாதவையாவின் மகன். 1927இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியர் பைசன் அவரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டிப்போனார். நீர்வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தவர் பேராசிரியரின் மனைவி டயானா பைசன். மலையுச்சித் தாவரங்களைப் பற்றிப் பைசன் எழுதிய நூலுக்குப் படங்கள் வரைந்தவர்களில் டயானாவும் ஒருவர். நூலைச் சொல்லும்போது கணவர் பெயரைச் சொல்கிறோம். வரைந்த கையை விட்டுவிடுகிறோம்.

கிருஷ்ணன் பிறகு, மேல்கோட்டை இருக்கும் இன்றைய கர்நாடகத்தில், சண்டூர் சமஸ்தானத்தில், பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தார். 1950 முதல் 1996இல் இறந்த நாள் வரை, 46 ஆண்டுகள், 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் காட்டுயிர் பற்றி எழுதினார்; படங்களையும் அவரே வரைந்தார். தமிழிலும் எழுதினார். அந்தத் தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து நூலாக்க, அவர் மறைவுக்குப் பிறகு சூழலியல் எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் வர வேண்டியிருந்தது. கிருஷ்ணன் உயிரோடு இருந்தபோது அவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்காத வாசகர்கள் நாம். தமிழ்ப் பாடநூலில் காலாகாலமாக இருந்திருக்க வேண்டியவர் அவர்.

நீர்வண்ணத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியதும் நம் குறைதான். ஓநாயை வரைய உட்காருகிறவர் முதலில் அதன் நிறத்தில் தடுமாறுவார். சாம்பல் என்று நினைத்திருப்போம். நம் தக்காணத்து ஓநாய்க்குக் காய்ந்த புல்லும் மண்ணும் கலந்த நிறம். குளிர்நாட்டு ஓநாயைவிட உடல் சிறியது, ரோமம் குறைவு, கால்கள் ஒல்லி. புல்லுக்கும் விலங்குக்கும் ஒரே வண்ணம் தொட வேண்டியிருக்கும்போதுதான், அது ஏன் யார் கண்ணிலும் படாமல் வாழ்கிறது என்பது வரைகிறவருக்குப் புரியும். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தொடாமல் விட்ட தாள். எங்கே விட வேண்டும் என்று தெரிய, தூரிகையை எடுக்கும் முன்பே நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு நகர்கிறவர்களுக்கு அந்த நேரம் வாய்ப்பதில்லை. நம் பிள்ளைகளுக்கோ ஓவிய வகுப்பையே கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்த்துவிட்டோம். மிஞ்சிய நாட்களில் இரண்டு மலை, நடுவில் சூரியன். ஓநாயைக் கதையில் வரும் கெட்டவனாக மட்டுமே அவர்களுக்கு அறிமுகப்படுத்தினோம். ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடு சேர்த்துக் காக்கப்படும் விலங்கு அது.

ஆனாலும் வழி மூடிவிடவில்லை. சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதல் ஆமை முட்டைகளைக் காக்க இரவெல்லாம் நடக்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கும் பள்ளிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அப்படி நடக்கிற பிள்ளைகளின் கையில் ஒரு வண்ணப்பெட்டியும் இருக்கட்டும். கற்றுக்கொள்கிறவர் நாளை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பார். டயானா பைசனிடமிருந்து கிருஷ்ணனுக்கு வந்தது அப்படித்தான்.

அடுத்த பங்குனியில் மேல்கோட்டைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குரங்குக்குப் பழம் வேண்டாம், பிளாஸ்டிக் பை வேண்டாம். சேவித்து முடித்ததும் உடனே வண்டி ஏறாதீர்கள். குழந்தைகளோடு கல்யாணி குளத்துப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணில் படும் ஒரு பறவையையாவது வரைய விடுங்கள்.