அரைக் கிலோ குறைய ஒரு லட்சமா?



நம் சங்கத்தில் பெரும்பாலோர் மளிகை, தானியம், எண்ணெய் வியாபாரம் செய்பவர்கள். நான் சைக்கிள் உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம் செய்பவன். சைக்கிள் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சில ஆண்டுகளாக உறுப்பினர்கள் பலர் என்னைக் கண்டதும் கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, பையன் ரேஸ் சைக்கிளுக்கு கார்பன் சக்கரம் கேட்கிறான். ஜோடி ஒரு லட்சத்துக்கு மேலாம். அவ்வளவு பெறுமா?" தனித்தனியே சொல்லி வந்த பதிலை இங்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தராசில் வைத்துப் பார்ப்போம். ரேஸ் சைக்கிளுக்கு வரும் சாதாரண அலுமினியச் சக்கரம், டயர் இல்லாமல், ஜோடி 1,800 முதல் 2,000 கிராம் இருக்கும். உயர்ந்த ரக கார்பன் சக்கரம் 1,300 முதல் 1,500 கிராம். வித்தியாசம் சுமார் அரைக் கிலோ. அலுமினியத்துக்கு 20,000 ரூபாயும் கார்பனுக்கு 1,20,000 ரூபாயும் என்று வைத்தால், குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 200 ரூபாய் கொடுக்கிறோம். நம் கடைகளில் இப்படிக் கிராம் கணக்கில் நூற்றுக்கணக்கில் விலை சொல்வது குங்குமப்பூவுக்குத்தான்!

இந்த அரைக் கிலோவால் என்ன லாபம்? ஓட்டுகிற பிள்ளை 70 கிலோ, சைக்கிளும் மற்றதும் 10 கிலோ, ஆக 80 கிலோ. அதில் அரைக் கிலோ என்பது 160-ல் ஒரு பங்கு. மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஏறுகிறான் என்றால் சுமார் 22 விநாடி மிச்சமாகும். சமதளத்தில் அதுவும் இல்லை. அங்கே வேகத்தைத் தடுப்பது எடையல்ல, எதிர்க்காற்று. "சுழலும் எடை இரண்டு மடங்கு எடைக்குச் சமம்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். ரிம்மின் ஓரத்தில் உள்ள எடைக்கு, வேகம் எடுக்கிற நேரத்தில் மட்டும் அது ஓரளவு உண்மை. ஒரே வேகத்தில் போகும்போது ஒரு கிலோ ஒரு கிலோதான்.

பந்தய உலகமும் இதை அறியும். இத்தாலி வீரர் பிரான்செஸ்கோ மோசர் 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டி, 1972-ல் எட்டி மெர்க்ஸ் செய்த 49.431 கிலோமீட்டர் சாதனையை முறியடித்தார். அவர் போட்டிருந்தது போக்ஸ் கம்பி தெரியாமல் தட்டுப் போல மூடிய சக்கரம். அது எடை குறைய அல்ல, காற்றைச் சமாளிக்க. இன்று கார்பன் ரிம்களை ஆழமாகச் செய்வதும் அதற்காகத்தான். போதாததற்கு, பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2000-ஆம் ஆண்டு முதல் விதி வைத்திருக்கிறது. அதற்கு மேல் எடை குறைத்தாலும் பந்தயத்தில் பயனில்லை.

அடுத்தது நம் ரோடு. அலுமினிய ரிம் பள்ளத்தில் விழுந்து வளைந்தால், கடைக்காரர் கோட்டம் எடுத்துக் கொடுத்துவிடுவார். கார்பன் ரிம் விரிசல் விட்டால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் கார்பன் ரிம் சூடேறிக் கெடக்கூடும். டிஸ்க் பிரேக்கில் அந்தத் தொல்லை இல்லை. சில லேசான சக்கரங்களுக்கு ஓட்டுபவர் எடைக்கே உச்சவரம்பு உண்டு. வாங்குமுன் கேட்க வேண்டும்.

பணத்தின் வேலையையும் பாருங்கள். ஒரு லட்சத்துக்குப் பருப்புப் பிடித்து, நூற்றுக்கு இரண்டு ரூபாய் நின்று, மாதம் ஒரு சுற்று சுற்றினால் வருடம் 24,000 ரூபாய். சக்கரமோ ரோட்டில் இறங்கிய அன்றே விலை இறங்கும் சரக்கு. தவணையில் எடுத்தால் வட்டி வேறு.

ஆகவே பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல்கிறேனா? இல்லை. வரிசை மாற வேண்டாம் என்கிறேன். முதலில் நல்ல ஹெல்மெட். பிறகு உயர்ந்த ரக டயரும் மெல்லிய டியூபும். சில ஆயிரம் ரூபாயில் உருளும் தடை கண்கூடாகக் குறையும். 23 மில்லிமீட்டர் டயரே வேகம் என்ற காலம் போய், பந்தயக்காரர்களே 28-க்கு வந்துவிட்டார்கள். பிறகு உடம்புக்கேற்ப சீட்டும் ஹேண்டில்பாரும் சரி செய்வது, வருடம் ஒரு முறை ஓவராயில். இத்தனையும் முடிந்து, மாவட்டம் தாண்டி மாநிலப் போட்டியில் விநாடிக் கணக்கில் பரிசு கைநழுவுகிறது என்றால், அந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ கார்பன் சக்கரம் ஆடம்பரமல்ல, தொழில் கருவி. தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு டீக்கடை வரை போய் வருகிறவனுக்கு அது தேவையில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் தொழிலின் பாடமல்லவா?

நிர்வாகக் குழுவுக்கு ஒரு யோசனை. அனுபவமுள்ள பந்தயக்காரர்கள் தினப் பயிற்சிக்குச் சாதாரணச் சக்கரமும் போட்டி நாளில் மட்டும் விலை உயர்ந்த சக்கரமும் போடுவது வழக்கம். கல்யாணத்துக்குப் பாத்திரமும் ஜமக்காளமும் பொதுவில் வாங்கி வைத்துக் கொடுக்கிறோம் அல்லவா? அதுபோல, பிரேக் வகையும் கியர் பற்சக்கர அமைப்பும் பார்த்து ஒரு ஜோடி நல்ல சக்கரத்தைச் சங்கம் வாங்கி வைக்கலாம். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகும் உறுப்பினர் பிள்ளைகள் அன்றைக்கு எடுத்துப் போய்த் திருப்பித் தரட்டும். கோட்டம் பார்த்துச் சரிசெய்யும் பொறுப்பை நான் கூலியில்லாமல் ஏற்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.