காலுக்கு வலி, தலைக்குத் தண்டனை

இடுப்பிலே புறப்பட்டு, தொடையின் பின்புறமாக இறங்கி, குதிகால் வரைக்கும் மின்னலடித்தாற்போல் ஓடுகிற அந்த வலியை அனுபவித்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடித்துப் பிழைக்கிற எனக்கும் அந்த வலியோடு உறவு உண்டு. அதற்குச் சயாட்டிகா என்று பெயர். 1764-ல் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் கொத்துன்யோ இது நரம்பின் வலி என்று எழுதினார். 1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று விளக்கினார்கள். நம்முடைய ஆயுர்வேதக்காரர்களோ, நோயாளி கழுகைப்போல் நடக்கிறான் என்பதைக் கண்டு 'கிருத்ரஸீ' என்று எப்போதோ பெயர் சூட்டிவிட்டார்கள்.

பெயரைப் பற்றியோ காரணத்தைப் பற்றியோ எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. நான் வைத்தியனும் அல்லன். என்னுடைய வழக்கெல்லாம், வலி காலில் இருக்கும்போது தலையை எதற்காகத் தண்டிக்கிறார்கள் என்பதுதான்.

நம் ஊரில் 'நரம்பு' என்ற சொல் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. வீணையில் மீட்டுவதும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு, ஊசி போடுகிறவர் கையில் தேடுகிற இரத்தக் குழாயும் நரம்பு. ஆகவே 'நரம்பு மாத்திரை' என்று ஒன்றைக் கொடுத்தால், அது ஏதோ நரம்புக்குச் சத்து என்று நினைத்துப் பயபக்தியோடு விழுங்கிவிடுகிறோம். அந்த அட்டையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். மீத்தைல்கோபாலமின் என்று ஒரு பெயர் இருக்கும். அது பி12 வைட்டமின், சாதுவான பிராணி. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே பல அட்டைகளில் பிரிகாபலின் என்றோ காபாபென்டின் என்றோ இன்னொரு பெயரும் இருக்கும். அவை வலிப்பு நோய்க்கும் கொடுக்கிற மருந்துகள். மூளையில் வேலை செய்பவை. தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல், மறதி, பார்வை மங்கல் எல்லாம் பலருக்கு அவற்றோடு கூடவே வரும். சத்து மாத்திரை என்ற வேஷத்தில் அவை வீட்டுக்குள் நுழைகின்றன.

எனக்குத் தெரிந்த மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் உண்டு. ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் எட்டடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற மனுஷர். கால் வலிக்கு மருந்து சாப்பிட ஆரம்பித்த மூன்றாவது வாரம், ஒரு பக்கத்தில் பதினோரு பிழைகளை விட்டுவிட்டார். "வயசாகிவிட்டது ஐயா, இனிமேல் எனக்கு இந்தத் தொழில் வேண்டாம்" என்று என்னிடம் அவர் சொன்னபோது குரல் கம்மியிருந்தது. வயசாவது, மண்ணாவது! இரண்டு வேளையும் அவர் விழுங்கிய மாத்திரை அது. மருந்து கொடுத்தவர் அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த மனிதர் தம் அறிவைத் தாமே சந்தேகித்துக்கொண்டு மூன்று வாரம் குமைந்திருக்க மாட்டார்.

இந்தத் தண்டனையால் காலுக்காவது லாபம் உண்டா? 2017-ல் ஆஸ்திரேலியாவில் சயாட்டிகா நோயாளிகள் 209 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. ஒரு பாதிக்குப் பிரிகாபலின், மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் கால் வலியில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களுக்குத் தலைச்சுற்றல் அதிகம். இங்கிலாந்தின் 'நைஸ்' என்ற வழிகாட்டி நிறுவனம், சயாட்டிகாவுக்கு இந்த மருந்துகளையும், டயஸெபாம் வகைத் தூக்க மருந்துகளையும் கொடுக்க வேண்டாம் என்று 2020-ல் எழுதிவைத்தது. நாட்பட்ட சயாட்டிகாவுக்கு அபினி வகை மருந்துகளும் வேண்டாம் என்றது. நீரிழிவினால் வரும் நரம்பு எரிச்சல் போன்ற வேறு சில வலிகளுக்குப் பிரிகாபலின் பலன் தருவது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று சீட்டு எழுதுவதைத்தான் மறுக்கிறேன். (இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.)

இவ்வளவு சொன்னதும் எதிர்க் கட்சிக்காரர்கள் கைதட்டிக்கொண்டு வருவார்கள். "மருந்தே வேண்டாம், பொறுத்துக்கொள், வலி மனுஷனைப் புடம் போடும்" என்பது அவர்கள் உபதேசம். எழுத்தாளனுக்கு வலி நல்லது என்றுகூடச் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். விடிய விடியப் புரண்டு கொண்டிருந்தவனுக்கு ஒரு கடிதம்கூட ஒழுங்காக எழுத வராது. வலியும் ஒரு போதைதான். அது மனசு முழுவதையும் தானே பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் குழந்தையின் பேச்சைக்கூடக் காதில் விழவிடாது. தெளிவு வேண்டும் என்பவன் வலியைக் குறைக்கத்தான் வேண்டும். ஆகவே இந்த உபதேசிகளோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்றாவது கட்சி, படுக்கையில் போட்டுவிடுகிற கட்சி. 1999-ல் டச்சுக்காரர்கள் 183 நோயாளிகளைச் சோதித்தார்கள். இரண்டு வாரம் படுக்கவைத்தவர்களுக்கும் முடிந்தவரை நடமாடியவர்களுக்கும் பன்னிரண்டு வாரம் கழித்து ஒரே கதி: இரு சாராரிலும் 87 சதவிகிதம் பேருக்குக் குணம் தெரிந்தது. படுத்ததால் எந்தப் பயனும் இல்லை.

இந்த 87 சதவிகிதத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு இந்த வலி சில வாரங்களில், சில மாதங்களில் தானே அடங்குகிறது. அதுவரைக்கும் காலத்தைக் கடத்தவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது, ஒரே இருப்பில் நெடுநேரம் உட்காராமல் எழுந்துவிடுவது, முழங்காலுக்கடியில் தலையணை வைத்துப் படுப்பது, வெந்நீர் ஒத்தடம், இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கவனித்து மருத்துவர் சில நாட்களுக்குத் தரும் வலி மாத்திரை என்று எளிய வழிகள் உண்டு. தாங்க முடியாத வலிக்கு நரம்பு வேரின் பக்கத்தில் ஊசி போடுவதும் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் சத்திர சிகிச்சை. அதைப் பற்றியும் 2007-ல் டச்சுக்காரர்கள் 283 பேரிடம் சோதித்துச் சொன்னார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் போயிற்று. காத்திருந்து, அவசியப்பட்டால் மட்டும் செய்துகொண்டவர்களும் ஒரு வருஷ முடிவில் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிட்டார்கள்.

இதன் அர்த்தம் என்ன? இப்போதே கத்தியா, இன்னும் இரண்டு மாதம் பொறுப்பதா என்பதைப் பெரும்பாலும் நோயாளிதான் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு என்ன வேண்டும்? தெளிந்த தலை வேண்டும். அதையல்லவா முதலில் பிடுங்கிக்கொள்கிறார்கள்! இன்னொரு காரணமும் உண்டு. சிறுநீர் மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, சிறுநீர் கழியாமல் நின்றுவிட்டாலோ, தொடைகளின் நடுப்பகுதி மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அங்கே பொறுமை கூடாது. அரைத் தூக்கத்தில் கிடக்கிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"நோயாளிகளே தூங்க மருந்து கேட்கிறார்கள்" என்று மருத்துவர்கள் சொல்லக்கூடும். வரிசையில் அறுபது பேர் காத்திருக்கையில் விளக்கிச் சொல்ல நேரம் ஏது என்றும் கேட்கலாம். அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் "இது தூக்கம் வரவழைக்கும், வண்டி ஓட்டாதே" என்று சொல்ல எத்தனை விநாடி வேண்டும்?

எல்லோரைக் காட்டிலும் நான் கவலைப்படுவது வீட்டுப் பெண்களைப் பற்றித்தான். மெய்ப்புத் திருத்துபவரின் மயக்கம் பதினோரு பிழைகளாக அச்சில் வந்து நின்றது. நாலு பேர் கண்டுபிடித்தார்கள். நாள் முழுவதும் அடுப்படியில் நிற்கிற அம்மாளின் மயக்கத்தை யார் எண்ணுகிறார்கள்? "அவளுக்கென்ன, வீட்டில்தானே இருக்கிறாள், தூங்கட்டுமே" என்கிறார்கள். கொதிக்கிற எண்ணெயையும், குழந்தையின் மருந்தையும், மாதக் கணக்கையும் அவள்தானே கையாளுகிறாள்? அவளுடைய அறிவு மங்கினால் அது நஷ்டம் என்றுகூட நமக்குத் தோன்றவில்லையே!

அவளுக்காக நீங்கள் மருந்துச் சீட்டு வாங்கப் போகும்போது, தயவு செய்து நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது எதற்கு? இது தலைக்குப் போகுமா? எத்தனை நாள்? எப்படி நிறுத்துவது? மருத்துவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்; அதை அவளிடமும் சொல்லுங்கள்.